பால் பத்தலைன்னு யாரு சொன்னா?

நர்சம்மா பதில்கள்

இந்த மாசம் வந்த லெட்டரு, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சு வச்சா முக்காவாசி பச்ச ஒடம்புக்காரிங்க எழுதினது, மீதி அவங்க வீட்டு ஆளுங்க எழுதினது. டெல்டா ஜில்லாவுல 31 வருஷம் சைக்கிள்லயும் அப்புறம் வண்டியிலயும் வீடு வீடா போயி தொட்டிலப் பாத்தவ நான், அதனால கொஞ்சம் கூடவே பேசுவேன், பொறுத்துக்குங்க.

அக்கா, எனக்கு நீடாமங்கலம் பக்கம், இப்ப மன்னார்குடிகிட்ட அம்மா வீட்டுல இருக்கேன். பொண்ணு பொறந்து இன்னையோட 12 நாள், சிசேரியன். பொறக்கறப்போ 3 கிலோ 100 கிராம் இருந்தா, அஞ்சாவது நாள் வீட்டுக்கு அனுப்பறப்போ 2 கிலோ 850. அதக் கேட்டதுலேர்ந்து வீட்டுல ஒரே பாட்டு, பால் பத்தல பால் பத்தல. பெரியம்மா வந்து மார அமுக்கிப் பாத்துட்டு தண்ணியாட்டம் இருக்கு இதுல என்ன சத்து இருக்கும்னாங்க. சாயங்காலம் 6 மணிக்கு மார்ல வாய் வச்சா ராத்திரி 11 வரைக்கும் அங்கயே கெடக்கா, எடுத்தா கத்துறா. முந்தாநாள் நர்ஸ் வந்து நிறுத்தாங்க, 3 கிலோ 20 கிராம், இன்னும் பொறந்த எடையே வரலியேன்னு அம்மா தலையில கைய வச்சுட்டாங்க. நேத்து அப்பா டவுனுக்குப் போயி பால்மாவு டப்பா வாங்கிட்டு வந்தாரு, குடுத்தோம், 4 மணி நேரம் அசையாம தூங்கினா, வீடே சந்தோஷப்பட்டுச்சு. நான் மட்டும் பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன். சுகப்பிரசவமும் ஆகல பாலும் இல்ல, நான் எதுக்குத்தான் லாயக்கு. இன்னொன்னு யாருகிட்டயும் சொல்லல, மொதல்ல புள்ளைய கையில குடுத்தப்போ எனக்கு ஒண்ணுமே தோணல அக்கா.
– ஒரு வாசகி

கண்ணு, உன் லெட்டர நான் மூணு தடவ படிச்சேன், மூணாவது தடவ பேனாவ எடுத்து கணக்குப் போட்டேன். அஞ்சாவது நாள் 2 கிலோ 850. முந்தாநாள், அதாவது பத்தாவது நாள், 3 கிலோ 20. நடுவுல 5 நாள்ல 170 கிராம் ஏறியிருக்கு. டப்பா வந்தது நேத்து. அப்ப அந்த 170 கிராம் யாரு பால்ல வந்துச்சு? உங்கப்பா டவுனுக்குப் போறதுக்கு முன்னாடியே உன் பொண்ணு ஒரு நாளைக்கு 30 கிராமுக்கு மேல ஏறிக்கிட்டுத்தான் இருந்திருக்கா. இந்த வயசுல ஒரு நாளைக்கு 20லேர்ந்து 30 கிராம் ஏறினாலே நாங்க அட்டையில சிரிச்சுக்கிட்டே எழுதுவோம். இந்த வரிய உங்கம்மாகிட்ட சத்தமா படிச்சுக் காட்டு.

மொதல்ல 250 கிராம் ஏன் எறங்குச்சுன்னா அது எல்லா புள்ளைக்கும் எறங்கும். வயித்துக்குள்ள இருந்தப்ப சேர்ந்த தண்ணி, கருப்பா தாரு மாதிரி போகுமே அந்த மொதல் மலம், எல்லாம் வெளியில வர்றப்போ எடை கொறையத்தான் செய்யும், நூத்துக்கு பத்து பங்கு வரைக்கும்கூட கொறையலாம், உன் புள்ளைக்கு எட்டு பங்குதான். சிசேரியன்ல அம்மாவுக்கு பாட்டில் பாட்டிலா குளுக்கோஸ் ஏத்துறாங்கல்ல, அந்த தண்ணி கொஞ்சம் புள்ளைக்கும் போயிருக்கும், அதனால பொறந்தப்ப எடை ஒரு புடி கூடத் தெரியும், அப்புறம் மூத்திரமா போயிடும். பொறந்த எடைக்கு திரும்பி வர 10லேர்ந்து 14 நாள் வரைக்கும் ஆகும். உனக்கு 14 ஆவல, அதுக்குள்ள தலையில கைய வச்சுட்டாங்க.

தண்ணியாட்டம் இருக்குன்னு சொன்ன பெரியம்மா எந்தப் பாலோட சேத்துப் பாத்தாங்கன்னு எனக்குத் தெரியும், உங்க வீட்டுக் கொல்லையில கட்டியிருக்கற மாட்டோட பாலு. கன்னுக்குட்டி ரெண்டு மாசத்துக்குள்ள எடை ரெண்டு மடங்காகி ஓடணும், அதுக்கு அந்தக் கனம் வேணும். மனுசப் புள்ள ரெண்டு மடங்காக அஞ்சு மாசம் எடுத்துக்கும், அதுக்கு ஏத்த பாலு இது. அதுலயும் மொதல்ல சொரக்கறது தண்ணியா நீலமாத்தான் இருக்கும், புள்ள இழுக்க இழுக்கத்தான் பின்னாடி கொழுப்பு ஜாஸ்தியான பால் வரும். அமுக்கிப் பாத்தா வர்றது முன்பால் மட்டும்தான், அத வச்சு சத்து சொல்றது அடுப்புல வைக்காத அரிசிய தின்னுட்டு சோறு வேகலன்னு சொல்ற கதை. அமுக்கிப் பாக்கறத இனிமே யாரையும் விடாத, பெரியம்மாவா இருந்தாலும்.

சாயங்காலக் கச்சேரி இருக்கே, அது உங்க வீட்டுல மட்டும் இல்ல, ஊரு பூரா உண்டு. பச்சப்புள்ளைங்க பொழுது சாயறப்போ விட்டு விட்டு குடிச்சுக்கிட்டே இருக்கும், அழுகையும் அந்த நேரத்துலதான் ஜாஸ்தி, ரெண்டாவது வாரத்துல கூட ஆரம்பிச்சு ஆறாவது வாரத்துல உச்சத்துக்குப் போயி மூணு நாலு மாசத்துல தானா அடங்கும். மொதல்லயே யாராவது இத சொல்லியிருந்தா நீ பயந்திருக்க மாட்ட. டப்பா குடிச்சுட்டு 4 மணி நேரம் தூங்கினது அந்த மாவு செரிக்க ரொம்ப நேரம் ஆகறதால, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டு நம்ம திண்ணையில சாயறோமே அது மாதிரி.

பால் எப்படி ஊறுதுன்னு ஒண்ணு சொல்றேன், இத ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லி சொல்லி என் தொண்ட போயிடுச்சு. தை மாசம் மேட்டூர் அணைய மூடினப்புறம் பாமணி ஆறு காஞ்சு மணலா கெடக்குமே, அப்ப மணல்ல ஊத்துப் பறிச்சு சொம்பால மொள்ளுவோம்ல, மொண்டாத்தான் ஊறும், மொள்ளாம விட்டா மணலு சரிஞ்சு ஊத்து தூந்து போயிடும். மார் காலியாகறதுதான் ஒடம்புக்கு சேதி, காலியானாத்தான் அடுத்ததுக்கு ஊறும். நீ ஒரு வேளை டப்பா குடுத்தா அந்த ஒரு வேளைக்கு ஊத்து மொள்ளல, மறுநாள் அந்த அளவு கொறஞ்சுதான் ஊறும், அப்ப ரெண்டு வேளை டப்பா வரும், அப்புறம் நெஜமாவே பத்தாமப் போயிடும், பாத்தியா நாங்க அன்னைக்கே சொன்னோம்னு பெரியம்மா சொல்லுவாங்க. ராத்திரிப் பாலை மட்டும் விட்டுடாத, பால் ஊற வைக்கற ஹார்மோன் ராத்திரியிலதான் ஏறும். டப்பா விஷம் ஒண்ணும் இல்ல, நெஜமா தேவைப்படற புள்ளைங்க இருக்கு, டாக்டர் பாத்து சொன்னா குடுக்கலாம், அதையும் பாட்டில்ல குடுக்காம பாலாடையில குடு. ஆனா அந்த டப்பாவ எடுத்து சுத்திப் பாரேன், எங்கயாவது குழந்தை படம் இருக்கா? இருக்காது. 1992ல போட்ட சட்டம், பால்மாவு டப்பாவுல குழந்தை படமும் போடக்கூடாது, அம்மா படமும் போடக்கூடாது, விளம்பரமும் பண்ணக்கூடாது, தாய்ப்பால்தான் ஒசத்தின்னு அவனே அதுல எழுதியாகணும். ஒரு கவர்மெண்டு இவ்ளோ மெனக்கெட்டு தடுத்துச்சுன்னா காரணம் இல்லாமலா.

நீ இவ்ளோ எழுதின, நான் கேக்க நெனச்ச ஒண்ண மட்டும் எழுதல, ஒரு நாளைக்கு எத்தன தடவ மூத்திரம் போறா? அதுதான் உண்மையான அளவு. அஞ்சாவது நாளுக்கு மேல, தாய்ப்பால் மட்டும் குடிக்கற புள்ள 24 மணி நேரத்துல 6 துணியாவது நனைச்சா பால் பத்துது, அவ்ளோதான். ஒரு ரெண்டு நாளைக்கு டயப்பர கழட்டி வச்சுட்டு துணி கட்டி எண்ணிப் பாரு. ஆறுக்கு கொறஞ்சாலோ, பாலுக்கு எழுப்பினாக்கூட எழுந்திரிக்காம சோர்ந்து கெடந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளா தெரிஞ்சாலோ, ஒடம்பு அனலா கொதிச்சாலோ சில்லுனு ஆனாலோ எனக்கு எழுதிக்கிட்டு உக்காராத, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடு. 14வது நாள் ஒரு தடவ எடை போட்டுப் பாத்துடு.

தையல் வலிக்குதுன்னா மடியில போடாத, தலகாணி மேல வச்சு கக்கத்துல இடுக்கின மாதிரி புடி, கால் உன் முதுகுப் பக்கம் போகணும், தலை உன் கையில. இல்ல ஒருக்களிச்சுப் படுத்துக் குடு. காம்ப மட்டும் சப்பவிடாத, அந்தக் கருப்பு வட்டம் முக்காவாசி வாய்க்குள்ள போகணும், தாடை மார்ல முட்டணும், அப்படி இல்லன்னாதான் காம்பு வெடிச்சு ரத்தம் வரும், வெடிச்சிருந்தா உன் பாலையே ரெண்டு சொட்டு தடவி காயவிடு.

சுகப்பிரசவம் ஆகலன்னு அழறியே, 2019லேர்ந்து 2021 வரைக்கும் எடுத்த தேசிய குடும்ப நல சர்வேயில தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல 45 சிசேரியன். அதுல எத்தனை தேவையில்லாம பண்ணதுன்னு எனக்கும் டாக்டர்களோட சண்டை உண்டு, அது வேற. ஆனா வயித்தைக் கிழிச்சுக்கிட்டு 12வது நாள் ராத்திரி முழிச்சுக்கிட்டு உக்காந்து பால் குடுக்கற நீ லாயக்கில்லன்னா யாரு லாயக்கு, சொல்லு பாப்போம்.

கடைசியா அந்த யாருகிட்டயும் சொல்லாத விஷயம். எனக்கு மொதப் புள்ளைய 1989 ஐப்பசியில கையில குடுத்தப்ப எனக்கு தோணினது என்ன தெரியுமா, ஐயோ மூக்கு மாமனார் மூக்கால்ல இருக்கு. அவ்ளோதான், சத்தியமா வேற ஒண்ணும் தோணல. எல்லாரும் அழுதாங்க, எனக்கு தூக்கம் வந்துச்சு. நாப்பது நாளுக்கு மேல ஒரு ராத்திரி கரண்ட் போயி மட்டை விசிறியால வீசிக்கிட்டே இருந்தேன், நிறுத்தினேன், அவன் தூக்கத்துலயே என் மாராப்பப் புடிச்சு இழுத்தான், அன்னைக்குத்தான் இவன் என் புள்ளன்னு வந்துச்சு. உனக்கும் வரும், எப்பன்னு கேக்காத. மூணாவது நாள்லேர்ந்து காரணமில்லாம அழுகை வர்றது புள்ள பெத்த பாதிப் பேருக்கு மேல உண்டு, ரெண்டு வாரத்துல வெயில் வந்த பனி மாதிரி போயிடும். உனக்கு இன்னும் ரெண்டு மூணு நாள்ல கொறையலன்னா கீழ பட்டுக்கோட்டை தம்பிக்கு எழுதியிருக்கறதப் படி. உங்கம்மாகிட்ட சொல்லு, உதவி பண்ணணும்னா புள்ளைய வாங்கி வச்சுக்காதீங்க, சாப்பாட்டுத் தட்ட எடுத்துட்டு வாங்க, துணிய தொவைங்க, வர்ற விருந்தாளிங்கள திண்ணையோட அனுப்புங்கன்னு. திருவாரூர் தேருகூட நாலு வீதியும் சுத்திட்டு நிலைக்கு வந்துடும், நம்ம ஊரு சனம் புள்ள பாக்க வந்தா எழுந்திரிக்கறதே இல்ல.

சிஸ்டரம்மா, எனக்கு குடவாசல் பக்கம், வயசு 64. மருமவளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்து 9 நாளாவுது, நார்மல்தான், தையல் போட்டிருக்கு. அதுக்கு தாயி இல்ல, அதனால நாந்தான் எல்லாம் பாக்குறேன். காய மருந்து கிண்டிக் குடுத்தேன், பூண்டு வதக்கிக் குடுக்குறேன், ஆனா தண்ணி மட்டும் வேளைக்கு அரை டம்ளர்தான் குடுப்பேன், எங்க மாமியா எனக்கு அப்படித்தான் செஞ்சாங்க. தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும், தையல்ல சீழ் வைக்கும், புள்ளைக்கு சளி புடிக்கும்னுவாங்க. டாக்டரு நெறய குடிக்கச் சொன்னாருன்னு அது ராத்திரி எனக்குத் தெரியாம எந்திரிச்சுப் போயி குடிக்குது. நான் கெட்டவளா சிஸ்டரம்மா?
– ஒரு அப்பாயி

கெட்டவங்களா, நீங்களா? தாயில்லாத பொண்ணுக்கு காயம் கிண்ட சுக்கு, திப்பிலி, சித்தரத்தைன்னு நாட்டு மருந்துக்கடையில நின்னு வாங்கிட்டு வந்து இடிச்சிருக்கீங்க, ஊர்ல எத்தன மாமியாரு செய்வாங்க. அதனாலதான் உங்ககிட்ட ஒளிக்காம சொல்றேன், அந்த தண்ணி விஷயத்துல மட்டும் உங்க மாமியாரும் தப்பு, எங்க அம்மாயியும் தப்பு.

எனக்குப் புள்ள பொறந்தப்ப நான் நர்ஸ் டிரெய்னிங்கே முடிச்சுட்டேன், பரீட்சையில இதுக்கு மார்க்கும் வாங்கியிருக்கேன், ஆனா எங்க அம்மாயி முன்னாடி வாயத் தொறக்க முடியுமா. ஒரு நாளைக்கு மூணு டம்ளர். வெளிய ஐப்பசி மழை கொட்டுது, ஓட்டுலேர்ந்து தண்ணி சொட்டுற சத்தம் ராத்திரி பூரா கேக்குது, எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. நாலாவது நாள் விடிகாலையில புள்ளைய குளிப்பாட்ட விளாவி வச்சிருந்த அண்டா வெந்நிய சொம்புல மோந்து நின்னுக்கிட்டே ரெண்டு சொம்பு குடிச்சேன், அந்த வெந்நிக்கு இருந்த ருசி இன்னைக்கு வரைக்கும் எந்த எளநிக்கும் இல்ல. அதுக்குள்ள மூத்திர எரிச்சல் வந்துடுச்சு, மலம் கல்லாயிடுச்சு, முக்கினா தையல் பிரிஞ்சுடுமோன்னு அழுகை. உங்க மருமவ ராத்திரி எந்திரிச்சுப் போறது திமிருல இல்லம்மா, புள்ள மார்ல வாய் வச்சு இழுக்கறப்போ அந்த நிமிஷமே தாகம் எடுக்கும், ஒடம்பே கேக்கும்.

வாயில குடிக்கற தண்ணி தையலுக்குப் போற வழி ஒண்ணும் கெடையாது, அது வேற பாதை. வயிறு போடறது தண்ணியால இல்ல, பத்து மாசம் விரிஞ்ச சதை சுருங்க நாளாகும். புள்ளைக்கு சளி தாயி குடிக்கற தண்ணியில வராது, இருமிக்கிட்டே வந்து மொத்தம் குடுக்கற சொந்தக்காரங்களால வரும். அந்தக் காலத்துல கொளத்துலயும் வாய்க்கால்லயும் மொண்ட தண்ணியக் குடிச்சு பேதி வந்துடுமோன்னு பயந்து யாரோ ஆரம்பிச்சிருப்பாங்கன்னு நான் நெனைக்கிறேன், அப்ப அதுல ஒரு ஞாயம் இருந்திருக்கும். நீங்க கொதிக்க வச்சு ஆறின தண்ணிய, வேணும்னா சீரகம் போட்டு, ஒரு கூஜா நெறய அவ தலமாட்டுல வச்சுடுங்க. ஒவ்வொரு தடவ பால் குடுக்கறப்பவும் ஒரு டம்ளர். உங்க கையாலயே குடுங்க, அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் மறக்காது.

பத்தியத்துல பாதி எனக்குப் புடிச்சதுதான். மிளகு கொழம்பு, பூண்டு, முருங்கக்கீரை, நாகப்பட்டினத்துலேர்ந்து வர்ற காரப்பொடி மீனு, பால்சுறா புட்டு எல்லாம் குடுங்க, ஆனா பழம் சீதளம், பருப்பு வாயு, தயிர் ஆவாதுன்னு ஒவ்வொண்ணா வெட்டி கடைசியில ரசஞ்சோறும் சுட்ட கருவாடுமா நிக்க வச்சுடாதீங்க. மாசமா இருந்தப்ப சாப்பிட்டதவிட இப்பத்தான் அவளுக்கு பசி, ஒரு வேளைச் சாப்பாடு கூடவே வேணும். ஆஸ்பத்திரியில குடுத்த இரும்புச்சத்து மாத்திரை புள்ள பொறந்தும் 180 நாளைக்கு உண்டு, அத டீயோட போட வேணாம்னு சொல்லுங்க, டீ அந்த சத்த ஒடம்புல சேரவிடாது.

அக்கா, ஊரு பட்டுக்கோட்டை பக்கம், நான் சிங்கப்பூர்ல வேலை பாக்குறேன். குழந்தைக்கு 5 வாரம் ஆகுது, லீவு கெடைக்காம இன்னும் நேர்ல பாக்கல. வைஃப் வீடியோ கால்ல பேசறதே இல்ல, போன செவத்துல சாச்சு வச்சுட்டு எங்கயோ பாக்குறா. குழந்தை தூங்கறப்பவும் தூங்க மாட்டேங்கறா, சாப்பிடறது இல்ல, குளிக்கறது இல்ல. போன வாரம் நான் இல்லன்னா புள்ள நல்லாருக்கும்னு சொன்னா. எங்க அம்மா, உச்சி வேளையில கொல்லப் பக்கம் போயிருக்கா காத்து பட்டிருக்கும்னு கயிறு மந்திரிச்சுக் கட்டியிருக்காங்க. மாமியார் வீட்டுல ஓவரா செல்லம் குடுத்து வளத்துட்டோம்ங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?
– ஒரு வாசகர்

தம்பி, உங்க மெசேஜ் வந்த அன்னைக்கே உங்ககிட்ட போன்ல பேசிட்டேன், இது பத்திரிகையில வர்ற வரைக்கும் வைக்கற விஷயம் இல்ல. இங்க எழுதறது இதே நெலமையில இருக்கற மத்த வீட்டுக்காக, உங்க அனுமதியோட.

ரெண்டு வாரத்துக்குள்ள வந்து போற அழுகை வேற, இது வேற. அஞ்சு வாரமாகியும் வெளிச்சமே இல்லாம கெடக்கறது, புள்ள தூங்கறப்பகூட கண்ணு மூடாம இருக்கறது, நான் இல்லன்னா நல்லாருக்கும்னு வாய் விட்டு சொல்றது, இதெல்லாம் பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு, நோய். சர்க்கரை மாதிரி தைராய்டு மாதிரி நோய், சொல்லப்போனா தைராய்டு கோளாறும் சில பேருக்கு இப்படிக் காட்டும், அதனால ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. செல்லமும் இல்ல, காத்துக் கருப்பும் இல்ல. கயிறு கட்டினது இருந்துட்டுப் போகட்டும், அவிழ்க்கச் சொல்லி உங்கம்மாகூட சண்டை போட்டு நேரத்த வீணாக்க வேணாம், கயித்தோடயே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

செத்துப் போறேன்ங்கற மாதிரி பேச்சு வந்துச்சுன்னா அவங்கள தனியா விடக்கூடாது, ஒரு நிமிஷம்கூட, பாத்ரூம் தாழ்ப்பாள்கூட போட விடாம ஒருத்தர் கூடவே இருக்கணும். மாத்திரை, பூச்சிமருந்து எதுவும் கைக்கு எட்டற எடத்துல இருக்கக் கூடாது, வயல்காட்டு வீடுங்கள்ல பயிருக்கு அடிக்கற மருந்து கட்டிலுக்கு அடியிலயே கெடக்கும், அத மொதல்ல எடுங்க. 14416னு மனநல உதவி நம்பர் ஒண்ணு இருக்கு, டெலி மானஸ், காசு இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழ்ல பேசுவாங்க. ஆனா போன் மட்டும் போதாது, மனநல டாக்டர பாக்கணும், மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலயே இருக்காங்க. பால் குடுக்கறவங்க சாப்பிடக்கூடிய மாத்திரைங்க உண்டு, பாலை நிறுத்தணும்னு அவசியமில்ல, பால் குடுக்கறாங்கன்னு டாக்டர்கிட்ட மட்டும் மறக்காம சொல்லணும். வேலை செய்யத் தொடங்க ரெண்டு மூணு வாரம் புடிக்கும், நாலு நாள்ல ஒண்ணும் தெரியலன்னு நிறுத்தக் கூடாது.

இத விட அவசரமானது ஒண்ணு இருக்கு, ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் வரும். பிரசவம் ஆன கொஞ்ச நாள்லயே சம்பந்தமில்லாமப் பேசறது, யாரோ கூப்பிடறாங்கன்னு சொல்றது, இது என் புள்ள இல்ல மாத்திட்டாங்கன்னு சாதிக்கறது, தூக்கமே இல்லாம திரியறது. நம்ம பக்கம் சன்னின்னு சொல்லுவாங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள்னு ஒண்ணு கெடையாது, தாயிக்கும் ஆபத்து புள்ளைக்கும் ஆபத்து.

சர்வீஸ்ல இருந்தப்ப என்னால மறக்க முடியாத ஒரு வீடு உண்டு. நான் போறப்பல்லாம் புள்ள எடைய நிறுத்தேன், தடுப்பூசி அட்டைய பாத்தேன், தாயி மூலையில சுவத்தப் பாத்து உக்காந்திருந்துச்சு, என்னம்மா நல்லாருக்கியான்னு கேட்டேன், நல்லாருக்கேன்னுச்சு, நான் அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் நடந்தத இங்க எழுத மாட்டேன். அன்னைலேர்ந்து எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல தாயிகிட்ட உக்காந்து ராத்திரி தூங்கினியான்னு கேப்பேன், அப்புறந்தான் தராசு.

தம்பியோட சம்சாரம் இப்ப மருந்துல இருக்காங்க, கூட உங்கம்மாதான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றாங்க. போன வாரம் ஒரு நாள் அவங்களாவே எந்திரிச்சு தலைக்கு ஊத்திக்கிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. நல்லது. லீவுக்கு இன்னொரு தடவ கேளுங்க, போன செவத்துல சாச்சு வச்சு எத்தன நாள்.

சில்லறைக் கேள்விகள், சட்டுபுட்டுனு

குழந்தைக்கு லேசா மஞ்சக் காமாலை இருக்கு, காலை வெயில்ல காட்டினா போதுமா? (பாபநாசம்)
ரெண்டு மூணு நாள்ல வந்து ரெண்டு வாரத்துல போறது சாதாரணம், ஆனா அது சாதாரணமா இல்லையான்னு சொல்ல வேண்டியது டாக்டர், சூரியன் இல்ல. பொறந்த 24 மணி நேரத்துக்குள்ளயே மஞ்சளானா அவசரம். ஆஸ்பத்திரி நீல லைட்டுக்கு வெயில் ஈடாகாது, நம்ம பங்குனி வெயில்ல துணியில்லாம போட்டா புள்ள வாடித்தான் போகும். அடிக்கடி பால் குடு.

வசம்பு சுட்டு ஒரசி நாக்குல வைக்கலாமா? (வலங்கைமான்)
வேணாம். அதுல ஆசரோன்னு ஒரு நச்சு இருக்கு. புள்ள வளர்ப்பான்னு பேரு வச்சிருக்கோம், பேர பாத்து ஏமாறாத. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர தேனு, சர்க்கரைத் தண்ணி, கழுதப்பால், கிரைப் வாட்டர் எதுவும் கெடையாது, டாக்டர் குடுக்கற சொட்டு மருந்து மட்டும்.

ஆம்பளக் கொழந்தைக்கு மார் வீங்கி பால் மாதிரி வருது, ஆயா தெனம் பிதுக்கி விடறாங்க. (திருத்துறைப்பூண்டி)
ஆயா கைய புடிச்சு நிறுத்துங்க. தாயோட ஹார்மோன் புள்ள ஒடம்புல மிச்சம் இருக்கு, சில வாரத்துல தானா வத்திடும். பிதுக்கினா சீழ் புடிச்சு கிழிக்கற அளவுக்குப் போகும், பாத்திருக்கேன். பொண்ணுக் கொழந்தைக்கு மொத வாரத்துல ரெண்டு சொட்டு ரத்தம் படறதும் இதே கணக்குதான், பயப்படாதீங்க.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல எவ்ளோ வரும்? (ஒரத்தநாடு)
18,000. அதுல 14,000 பணம், மீதி 4,000 மதிப்புக்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டி. மாசமாகி 12 வாரத்துக்குள்ள பதிஞ்சு பிக்மி நம்பர் (கர்ப்பத்தப் பதிஞ்சதும் அரசு குடுக்கற நம்பர்) வாங்கியிருக்கணும், பேங்க் கணக்கு உன் பேர்ல இருக்கணும், வீட்டுக்காரர் பேர்ல இல்ல. அந்தப் பெட்டியில வர்ற சத்து மாவ நீ சாப்பிடு, வீட்டுல இருக்கற பெரியவங்களுக்கு ஆத்திக் குடுத்துட்டு நிக்காத.

திருக்கருகாவூர் கோயில்ல சுகப்பிரசவத்துக்கு குடுத்த வெளக்கெண்ணெய் மிச்சம் இருக்கு. புள்ளைக்கு ஒரு சொட்டு நாக்குல வைக்கச் சொல்றாங்க மாமியார். (அய்யம்பேட்டை)
அது வலி எடுக்கறப்போ தாயி வயித்துல தடவறதுக்குக் குடுத்தது. வலியும் எடுத்தாச்சு புள்ளையும் வந்தாச்சு. புள்ள வாயில எண்ணெய் வச்சா பொறையேறும், பேதியாகும். மிச்சத்த உன் வறண்ட குதிகால்ல தடவிக்க, அம்பாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.